ஆண்மார்புப் பெருக்கமும் காலமறிதலும்

(ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கோயிலுக்குள் நுழையும் ஆண்மகன் மேற்சட்டையைக் களைந்து, சால்வையை அரையிற் கட்டிக்கொண்டு செல்வது எமது யாழ்ப்பாணத்து வழக்கம். நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் செல்வச்சந்நிதியிலும் இவ்வழக்கத்தை நாம் நாள்தோறும் காண்கின்றோம். எம்மிற் பெரும்பாலோருக்கு அது நினைத்துப் பாராமலே செய்யும் காரியம். ஆயின், வாலிபர் சிலருக்கு அந்தச் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதே மலையைப் பெயர்ப்பதாக இருக்கின்றது. மார்பு பெண்பிள்ளையின் மார்பு போலப் பருத்திருப்பதால், அவர்கள் வெளிவீதியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகின்றார்கள். கரப்பந்தாட்டத்துக்கு அழைத்தால் ‘வேலையிருக்கிறது’ என்கின்றார்கள். கீரிமலைக்குப் போவோம் என்றால் ‘தடிமன்’ என்கின்றார்கள். காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை.

இவ்விஷயத்தை ஒரு மேடையிலே பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். பேசலாம் என்பதோடு, பேசவேண்டும் என்பதே எமது துணிபு. கூச்சத்தால் மறைக்கப்படும் வியாதிக்குக் கண்ட கண்ட களிம்பும் கண்ட கண்ட மாத்திரையும் மருந்தாகிவிடுகின்றன. மேலும், உடம்பைப் பற்றித் தமிழிலே வெட்கமின்றிப் பேசுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலே எம்மவருக்கு மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சையைப் பற்றி ‘இரண வைத்தியம்’ என்னும் பெரிய நூல் 1867ஆம் ஆண்டிலே தமிழில் வெளிவந்தது. அத்தகைய நிலத்திலே பிறந்த நாம், எம்முடைய பிள்ளைகளின் மார்பைப் பற்றிப் பேச நாணுவது பொருந்துமா?

இது யாது?

வைத்தியர்கள் இதனைக் ‘கைனக்கோமாஸ்ரியா’ என்பர். ‘பெண்ணின் மார்பு’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களாற் பிறந்த பெயர் அது. நாம் ஆண்மார்புப் பெருக்கம் என்று சொல்லுவோம். ஆணின் மார்பிலும் சிறிதளவு முலைச்சுரப்பி உண்டு. ஈஸ்திரஜன் என்ற ஓமோன் அதனை வளர்க்கும். தெஸ்தொஸ்திரோன் என்ற ஓமோன் அவ்வளர்ச்சியைத் தடுக்கும். இவ்விரண்டும் ஆணுடம்பிலும் உள்ளவையே. துலாக்கோலின் ஒரு தட்டுத் தாழ்ந்தாற்போல இவற்றின் சமநிலை குலையும்போது சுரப்பி பருக்கின்றது.

ஆண்மகனின் வாழ்விலே மூன்று பருவங்களில் இது இயல்பாகவே தோன்றும். முதலாவது, பிறந்த சில நாட்கள். தாயின் ஓமோன் குழந்தையின் உடம்பில் இருப்பதால் மார்பு சற்று வீங்கும். சில வாரங்களிலே தானாக வற்றிவிடும். பச்சைக் குழந்தையின் மார்பைப் பிதுக்கி ‘பால் எடுக்கும்’ வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. அதனால் மார்பிலே சீழ் பிடிக்கலாம்; ஆச்சிமார் அதனைக் கைவிடவேண்டும். இரண்டாவது, பையன் பருவமடையும் காலம். 13, 14 வயதளவில், ஏறக்குறையப் பாதிப் பையன்களுக்காவது முலைக்காம்பின் கீழே ஒரு வில்லை போன்ற கட்டி தோன்றி, தொட்டால் நோகும். மூன்றாவது, 50 வயதைக் கடந்த முதுமை.

இவையன்றி வேறு காரணங்களும் உள. ஈரல் பழுதடைதல், சிறுநீரகம் செயலிழத்தல், தைரொயிட் சுரப்பி மிகையாக வேலை செய்தல், விதையிலே தோன்றும் கட்டி, பிறவியிலேயே நிறமூர்த்தம் ஒன்று கூடியிருத்தல் ஆகியவற்றாலும் மார்பு பருக்கும். ஸ்பைரோனோலக்ரோன், சிமெற்றிடீன், கீற்றோகொனசோல் முதலிய மருந்துகளும், மனநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இதனை உண்டாக்கக்கூடும். உடற்பயிற்சி நிலையங்களிலே தசை திரட்டுவதற்கென்று இரகசியமாகக் கைமாறும் ஸ்ரீரோயிட் ஊசிகளை இங்கே குறிப்பாகச் சொல்லவேண்டும். அந்த மருந்தின் ஒரு பகுதியை உடம்பு ஈஸ்திரஜனாக மாற்றிவிடுகின்றது. ஆண்மையைக் காட்ட ஊசி போட்டவனுக்குப் பெண்மார்பு வளர்வது எத்துணை விபரீதம்! இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவிலே, பட்டினி முகாம்களிலிருந்து விடுதலையாகி நல்லுணவு உண்ணத் தொடங்கிய யுத்தக் கைதிகள் சிலருக்கும் இவ்வீக்கம் கண்டது. ஆகவே, இது ஒழுக்கக்கேட்டாலோ தீய நினைவாலோ வருவது என்று கூறுவோரின் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். சுரப்பி வளராமல், கொழுப்பு மாத்திரம் சேர்ந்து மார்பு தளர்ந்திருப்பதும் உண்டு. வைத்தியர் விரல்களால் அமர்த்திப் பார்க்கும்போது, காம்பின் கீழே இறப்பர் போன்ற வில்லை அகப்பட்டால் சுரப்பி. எங்கும் ஒரே மென்மையாக இருந்தாற் கொழுப்பு. கொழுப்பாயின் உணவாலும் உழைப்பாலும் பெருமளவு குறைக்கலாம். சுரப்பியோ ஆயிரம் தண்டால் எடுத்தாலும் கரையாது.

எப்பொழுது பொறுப்பது? எப்பொழுது விரைவது?

திருக்குறளிலே ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசனுக்குச் சொன்னது அது. ஆனாலும் நாம் பேசும் விஷயத்துக்கு அதனினும் பொருத்தமான தலைப்பு வேறில்லை.

14 வயதுப் பையனை அழைத்துக்கொண்டு தந்தை வைத்தியரிடம் ஓடி, ‘உடனே வெட்டிவிடுங்கள்’ என்று கேட்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல வைத்தியர் சோதித்துவிட்டு, ‘பொறுங்கள்’ என்பார். பருவகாலத்து வீக்கம் பெரும்பாலான பையன்களுக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் தானாக அடங்கிவிடும். வளர்ச்சி முடியுமுன் வெட்டினால், எஞ்சிய சுரப்பி திரும்பவும் பருக்கக்கூடும். ஒரு தடவை பட்ட காயத்தை மறு தடவையும் படவேண்டிவரும். எனவே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைத்தியரிடம் காட்டிக்கொண்டு காத்திருப்பதே புத்தி.

ஆயினும் காத்திருப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வீக்கம் ஓராண்டைக் கடந்து நிலைத்தால், சுரப்பியினுள்ளே நார்த்தன்மை ஏறிவிடுகின்றது. அதன் பின்னர் மாத்திரைக்கு அது இசைவதில்லை. நோவும் வளர்ச்சியும் உள்ள ஆரம்பகாலத்தில் வைத்தியர் தமொக்சிபென் போன்ற மருந்தைச் சிலருக்குக் கொடுப்பதுண்டு. அதனை வைத்தியர் சொல்லாமல் எவரும் வாங்கி விழுங்கலாகாது. 17, 18 வயதாகியும், இரண்டு ஆண்டுக்கு மேலாகியும் மாறாத பெருக்கம் இனித் தானாகப் போகும் என்று நம்புவதற்கு இடமில்லை. வளர்ச்சி முடிந்து, ஓராண்டளவாக மார்பின் அளவு மாறாமல் நின்று, உடம்பின் நிறையும் சில மாதங்கள் ஒரே அளவில் நின்றால், அதுவே சத்திரசிகிச்சைக்கு ஏற்ற காலம். உடம்பு பருத்தவர் முதலில் நிறையைக் குறைத்துவிட்டு வெட்டுவதே முறை; வெட்டிய பின் குறைத்தால் தோல் தொங்கும், கூட்டினாற் கொழுப்பு மீண்டும் சேரும். மருந்தால் வந்ததாயின் வைத்தியரைக் கேட்டு அம்மருந்தை மாற்றிப் பார்க்கவேண்டும். தைரொயிட்டால் வந்ததாயின் முதலில் தைரொயிட்டைத் திருத்தவேண்டும்.

மிகப் பெரிய வீக்கத்தால் பிள்ளை பாடசாலைக்கே போகாமல் ஒடுங்கிவிட்டான் என்றால், 18 வயது வரை பொறு என்பது கல்நெஞ்சமாகும். அத்தகையோருக்கு வைத்தியர் முன்னதாகவே செய்யத் துணிவதுண்டு. அதனை அவரோடு அமர்ந்து பேசித் தீர்மானிக்கலாம்.

ஒருகணமும் பொறுக்கக்கூடாத இடங்களும் உள. ஒரு பக்கத்திலே மாத்திரம் கல்லுப் போன்ற கட்டி, காம்புக்கு விலகி நிற்கும் கட்டி, காம்பு உள்ளே இழுபடுதல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், தோல் புண்ணாதல், கக்கத்திலே நெறி கட்டுதல், விதையிலே கட்டி தோன்றுதல் ஆகிய இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த வாரமே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மார்புப் புற்றுநோய் பெண்களுக்கு மாத்திரம் உரியதன்று. மொத்த மார்புப் புற்றுநோயாளரில் நூற்றுக்கு ஒருவரளவில் ஆண்கள். வயது முதிர்ந்த ஐயாமார் இதனைக் காது கொடுத்துக் கேட்கவேண்டும். ‘கிழவனுக்கு மார்பிலே என்ன வியாதி’ என்று சிரித்துத் தள்ளிக் காலம் போக்கியபின் வருவதாற் பயன் குறைவு.

வெட்டுதல் எவ்வாறு?

ஆண்மார்பைச் சத்திரத்தாற் குறைப்பது பழமையான வித்தை. ஏழாம் நூற்றாண்டிலே கிரேக்க வைத்தியர் ஏஜினா ஊர்ப் பவுல் என்பார் பிறைவடிவமாக வெட்டிச் செய்யும் முறையை எழுதி வைத்தார். 1946ஆம் ஆண்டு வெப்ஸ்ரர் என்னும் அமெரிக்க வைத்தியர், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பிலே வெட்டும் முறையை விவரித்தார். கருநிறமும் வெண்ணிறமும் சந்திக்கும் கோட்டிலே தழும்பு மறைந்துவிடுவதால், இன்றும் பெரும்பாலும் அவ்வழியே செய்கின்றார்கள். 1973இல் சைமன் என்பாரும் அவருடன் வேலை செய்தோரும் வீக்கத்தை நான்கு படிகளாக வகுத்தனர். சிறு வீக்கம், தோல் மிகாத நடுத்தர வீக்கம், தோல் மிகுந்த நடுத்தர வீக்கம், தோல் தொங்கும் பெருவீக்கம் என்பன அவை. முதலிரண்டுக்கும் சுரப்பியை எடுத்து, கொழுப்பைக் குழாயால் உறிஞ்சினாற் பெரும்பாலும் போதும். கடைசிக்குத் தோலையும் வெட்டவேண்டும், தழும்பு பெரிதாகும், ஆறுவதற்கும் நாட்கள் கூடும். ஆகவே, ‘அவனுக்கு ஒரு கிழமையில் ஆறிவிட்டதே’ என்று பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிடுவது தகாது.

அரசாங்க வைத்தியசாலையிலே இதற்குப் பணம் கேட்பதில்லை. பொது சத்திரசிகிச்சை வைத்தியர்களும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வைத்தியர்களும் இதனைச் செய்வர். முதலில் ஊரிலுள்ள வைத்தியரிடம் காட்டி, கடிதம் பெற்று, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கிளினிக்குக்குப் போகலாம். உயிருக்கு ஆபத்தான நோயாளர் முன்னே நிற்பதால், தவணை தள்ளிப்போகக்கூடும். அது குறையன்று, நீதி. தனியார் வைத்தியசாலையை நாடுவோர், வெளிநாட்டு உறவினரின் காசை எதிர்பார்த்து அவசரப்படாமல், செய்பவர் தகுதிபெற்ற சத்திரசிகிச்சை வைத்தியர்தானா, மயக்கமருந்து கொடுப்பதற்குத் தனி வைத்தியர் உண்டா, இரவிலே இரத்தம் பெருகினால் யாரை அழைப்பது, எடுத்த சுரப்பியை நுணுக்குக்காட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்ற நான்கையும் கேட்டறியவேண்டும்.

நாள் குறித்தல்

எம்மூரிலே நாள் குறிப்பதென்றாற் பஞ்சாங்கத்தை எடுப்போம். இதற்கும் ஒரு பஞ்சாங்கம் வேண்டும். ஆனால் அதிலே பார்க்கவேண்டியவை வேறு.

சத்திரசிகிச்சையின் பின்னர் அழுத்தச் சட்டை என்று ஓர் இறுக்கமான உள்ளாடையை இரவும் பகலுமாக நாலு முதல் ஆறு கிழமை அணியவேண்டிவரும். பங்குனி, சித்திரை வெயிலில் அதனை அணிவது பெருந்துன்பம். வியர்த்துத் தோல் அவியும். மார்கழி, தையின் குளிர்ச்சி அதற்கு உகந்தது. தையிலே செய்தவன், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் பெறுகின்றான். வீக்கம் வற்றி மார்பு தன் உருவை அடைவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். இவ்வாண்டு திருவிழாவுக்குள் எப்படியும் முடிக்கவேண்டும் என்று ஆனியிலே வெட்டிக்கொண்டு, ஆடியிலே அங்கப்பிரதட்டை செய்ய முயல்பவன் காயத்தையும் கெடுப்பான், காசையும் கெடுப்பான். காவடி, அங்கப்பிரதட்டை நேர்த்தி உள்ளவர்கள் அதனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

மாணவனுக்கு உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் புகுமுன் உள்ள நீண்ட இடைவெளி நல்ல காலம். பரீட்சைக்கு ஒரு மாதத்துக்கு முன்னர் வேண்டவே வேண்டாம். கமக்காரன் அரிவுவெட்டும் வெங்காய நடுகையும் இல்லாத நாட்களைப் பார்க்கவேண்டும். மேசை வேலை செய்வோர் ஒன்று அல்லது இரண்டு கிழமையில் வேலைக்குத் திரும்பலாம். மண்வெட்டி பிடிப்போர், வலை இழுப்போர், மூட்டை சுமப்போர் ஆறு கிழமை ஓய்வுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளவேண்டும். அந்த நாட்களின் வீட்டுச் செலவுக்கும் முன்னமே வழிசெய்யவேண்டும்.

பின் பேணல்: நான்கு தூண்கள்

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் நின்று கவனிப்பவன் ஆகிய நான்கையும் சேர்த்தே வைத்தியம் என்கின்றார். வைத்தியரைப் பற்றிச் சொன்னோம். ஏனைய மூன்றையும் சொல்லுவோம்.

நோயாளியின் கடமை முன்கூட்டியே தொடங்குகின்றது. நாலு கிழமைக்கு முன்னரே சிகரெட்டையும் சுருட்டையும் விடவேண்டும். பின்னரும் நாலு கிழமை தொடக்கூடாது. புகையிலை எமது குடாநாட்டுக்குப் பணந்தந்த பயிர்தான். ஆனால், அதன் நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால், காம்பின் தோலே கருகிப்போகக்கூடும். அஸ்பிரின் முதலிய மாத்திரைகளையும், பரிகாரியாரிடம் வாங்கிய நாட்டு மருந்தையும், உடற்பயிற்சி நிலையத்து மாவையும் ஊசியையும் ஒன்றும் ஒளிக்காமல் வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

மருந்து என்றது மாத்திரை மாத்திரமன்று. தலையைச் சற்று உயர்த்தி மல்லாந்து படுத்தல், அழுத்தச் சட்டையைச் சொன்ன நாள் வரை கழற்றாதிருத்தல், வடிகுழாய் வைத்திருந்தால் அதில் வடிவதை அளந்து குறித்தல், எழுந்து மெல்ல நடத்தல் எல்லாம் மருந்தே. சட்டை இரண்டாக இருந்தால் ஒன்றைத் தோய்த்துக் காயவிடலாம். காயம் நனையலாம் என்று வைத்தியர் சொல்லும்வரை கிணற்றடியிலே இடுப்புக்குக் கீழ் மாத்திரம் குளிக்கவேண்டும். கேணியும் கடலும் காயம் நன்றாக மூடியபின்னரே. மஞ்சள், எண்ணெய், சந்தனம், திருநீறு ஒன்றும் காயத்திலே படலாகாது. நெற்றியிலே தரிப்பதற்குத் தடையில்லை. நாலு முதல் ஆறு கிழமைக்குப் பாரம் தூக்குதல், தண்ணீர் வாளி இழுத்தல், தண்டால் எடுத்தல் கூடாது. வைத்தியர் அனுமதிக்கும்வரை மோட்டார்ச் சைக்கிளும் வேண்டாம். தழும்பிலே ஓராண்டுக்கு வெயில் படாமற் காக்கவேண்டும். பத்தியம் என்று சொல்லி வெறுஞ்சோறும் இரசமும் கொடுத்து உடம்பை வாட்டவேண்டாம். காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். பயறு, உழுந்து, கடலை, பால், தயிர், உண்போர்க்கு முட்டையும் மீனும் நல்லன.

நாலாவது தூண், பக்கத்தில் நிற்பவன். முதல் இரண்டு நாளும் ஒருவர் உடன் இருக்கவேண்டும். அந்நாட்களிலே ஒரு பக்க மார்பு திடீரெனப் பருத்து, இறுகி, நோவு கூடினால் உள்ளே இரத்தம் கட்டுகின்றது என்று அறிக. விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தாற் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காய்ச்சல், சீழ், மூச்சு முட்டுதல், கெண்டைக்கால் வீங்கி நோதல் ஆகியவற்றுக்கும் அப்படியே. நெடுந்தீவு முதலிய தீவகத்து அன்பர்கள் முதற் கிழமை பட்டினத்திலே உறவினர் வீட்டிலே தங்கவேண்டும். நடுச்சாமத்திலே குறிகட்டுவானுக்கு வள்ளம் தேடி நிற்பது எவ்வளவு ஆபத்து!

இறுதியாக இரண்டு வார்த்தை. வாலிபர்களே, உங்கள் தோழனின் மார்பைக் கண்டு பட்டம் சூட்டாதீர்கள். நீங்கள் ஐந்து நிமிடம் சிரிப்பதற்காக அவன் ஐந்து வருடம் சட்டைக்குள் ஒளிகின்றான். பெரியோர்களே, வெளிவீதியிலே நிற்கும் பையனைப் பக்தியில்லாதவன் என்று கடிந்துகொள்ளாதீர்கள். தனியே அழைத்து, ‘தம்பி, உடம்புக்கு ஏதேனும் கரைச்சலோ?’ என்று மெதுவாகக் கேளுங்கள். பெருக்கம் இருந்தும் அதனைப் பொருட்படுத்தாமல் நிம்மதியாக இருப்பவனை, புற்றுநோயும் வேறு வியாதியும் இல்லையென்று சோதித்து அறிந்தபின், கத்திக்கு அனுப்பவேண்டிய அவசியமும் இல்லை. அவன் மார்பு அவனுடையது. தீர்மானமும் அவனுடையதாகவே இருக்கட்டும்.

இம்மலர் வீடுகளுக்குச் செல்லும்போது, நேரே கேட்க வாய் வராத ஒருவன் இப்பக்கங்களைத் தனியே இருந்து படிக்கக்கூடும். அவனுக்குச் சொல்லுகின்றோம்: தம்பி, இது உனக்கு மாத்திரம் வந்ததன்று. வருகின்ற கிழமை வைத்தியரிடம் போ. கூட வருவதற்கு ஆள் இல்லையென்றால், எம்மிடம் சொல். ஒருவர் வருவோம்.